ஐசோடோனிக் பானமும் கரைந்துபோன பல் அடைப்புகளும்: செம்பனைத் தோட்டத் தொழிலாளி ஒருவரின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சிறிய டவுன். நோயாளி 34 வயது ஆடவர். பழம் வெட்டுகிறார். விடியற்காலைப் பெரட்டு (வேலைக்கு ஆள்கணக்கு எடுப்பது) முடிந்து ஏழு மணிக்குக் காட்டுக்குள் இறங்கினால் வெளியே வர இரண்டு மணியாகும். நீண்ட அலுமினியக் கம்பில் கட்டிய அரிவாளை அண்ணாந்து பிடித்துக் குலை தள்ளும் வேலை இது. கூலியும் வெட்டுகிற அளவைப் பொறுத்தது என்பதால் நிழலில் உட்கார்ந்து ஆற அமரத் தண்ணீர் குடிக்க யாருக்கும் மனம் வராது. போத்தலை மோட்டார் சைக்கிளில் மாட்டிவைத்து, போகவர இரண்டு மூன்று மடக்கு குடிப்பதே வழக்கம்.

அவர் வந்த காரணம், 14 மாதங்களுக்கு முன் வேறொரு கிளினிக்கில் அடைத்த நான்கு பற்கள். அடைப்பு ஒன்று முழுதாக விழுந்துவிட்டது. மற்ற மூன்றும் தேய்ந்து குழியாகியிருந்தன. இடது கீழ்ப்பக்கம் குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீரென்று வலி. "அடைச்சது சரியில்ல டாக்டர், நல்ல சாமானா போட்டு அடைச்சு விடுங்க" என்பதுதான் அவர் கேட்டது.

முந்தைய சிகிச்சையைக் குறை சொல்ல முடியாது. அப்போது அவர் சீனி கலந்த ஐசோடோனிக், அதாவது வியர்வையில் போகும் உப்பை ஈடுகட்டும் பானம், குடித்துக்கொண்டிருந்தார். ஈறோரத்தில் சொத்தையும் இருந்திருக்கிறது. ஈறோரச் சொத்தைக்குக் கிளாஸ் அயனோமர் என்ற சிமெண்ட் பொருத்தமான தேர்வுதான். பல்லோடு தானாக ஒட்டும், ஃபுளோரைடும் வெளியிடும். இனிப்புத் தண்ணீரை நிறுத்தச் சொல்லியும் அனுப்பியிருக்கிறார்கள். அவர் மனைவி அந்தச் சொல்லைத் தட்டவில்லை. அடுத்த வாரமே அதே வகையில் சீனி இல்லாத பானத்துக்கு மாற்றிவிட்டார்.

முதல் பரிசோதனையில் கண்டவை

மேல் வலது கோரைப்பல் (13), மேல் இடது கோரைப்பல் (23), அதற்கடுத்த முன்கடைவாய்ப் பல் (24), கீழ் இடது முன்கடைவாய்ப் பல் (34) ஆகியவற்றின் ஈறோரத்தில் கிளாஸ் அயனோமர் வைக்கப்பட்டிருந்தது. 34-இல் இப்போது அடைப்பே இல்லை, பல்லின் வெளிப்பூச்சான எனாமலுக்கு அடியிலுள்ள டென்டின் வெளியே தெரிந்தது. மற்ற மூன்றிலும் அடைப்பின் மேற்பரப்பு சொரசொரப்பாக, பல்லின் மட்டத்துக்குக் கீழே இறங்கியிருந்தது. கூர்முனைக் கருவியால் ஓரத்தைத் தடவினால் அடைப்புக்கும் எனாமலுக்கும் இடையே முனை விழுந்தது. புதிய சொத்தை எதிலும் இல்லை.

நோயறிதலைத் தீர்மானித்தவை பின்பற்கள். கீழ் வலது முதல் கடைவாய்ப் பல்லில் (46) பத்து ஆண்டுக்கு மேற்பட்ட வெள்ளி அடைப்பு, அதாவது அமால்கம், சுற்றியிருந்த பல்லைவிட ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் உயர்ந்து ஒரு தீவுபோல நின்றது. எதிர்ப்பக்கம் அதே பல்லில் (36) நான்கு ஆண்டுக்கு முன் போட்ட கம்போசிட்டும், அதாவது ரெசின் அடைப்பும், அப்படியே துருத்திக்கொண்டு, ஓரம் பழுப்பேறியிருந்தது. இரண்டு பற்களின் முகடுகளிலும் வழவழப்பான சிறு குழிகள். அடைப்பு வளர்வதில்லை. அது துருத்தி நிற்கிறது என்றால் சுற்றியுள்ள பல் குறைந்திருக்கிறது. ஒரே வாயில் ஓர் அடைப்பு கரைந்தும் இன்னோர் அடைப்பு துருத்தியும் நின்றால் அமில அரிப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

மற்றக் காரணங்களும் ஒவ்வொன்றாகப் பார்க்கப்பட்டன. இரவில் பல்லைக் கடிப்பவருக்கு மேலும் கீழும் பொருந்துகிற தட்டையான தேய்மானம் இருக்கும். இவருக்கு இருந்தவை எதிர்ப்பல் தொடாத குழிகள். வயிற்று அமிலம் மேலேறி வந்தால் மேல் முன்பற்களின் அண்ணப் பக்கம் முதலில் பாதிக்கப்படும். அது லேசாகவே தேய்ந்திருந்தது, நெஞ்செரிச்சலும் இல்லை. வாய் வறட்சி இருந்ததால் சர்க்கரை நோயையும் விலக்க வேண்டியிருந்தது. விரல்நுனி இரத்தத்தில் குளுக்கோஸ் லிட்டருக்கு 5.9 மில்லிமோல், சர்க்கரை நோயின் அளவல்ல. தொடர்ந்து எடுக்கும் மாத்திரை எதுவும் கிடையாது. துலக்கும் முறையில் ஒரு கோளாறு இருந்தது. வேலை முடிந்து வீடு வந்ததும், வாயில் ஒட்டும் பிசுபிசுப்பு போகக் கடின பிரஷ்ஷால் அழுத்தித் தேய்ப்பார். அமிலத்தில் இளகிய பல்லுக்கும் அடைப்புக்கும் இது இரண்டாவது அடி.

அரிப்பின் அளவைக் குறிக்க பி.இ.டபிள்யூ.இ. என்ற குறியீடு 2008-லிருந்து இருக்கிறது. வாயை ஆறு பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் மிக மோசமான பல்லுக்கு 0 முதல் 3 வரை மதிப்பிட்டுக் கூட்ட வேண்டும். கீழ் முன்பற்களுக்கு 1, மற்ற ஐந்து பகுதிகளுக்கும் தலா 2 என்று மொத்தம் 11 வந்தது. 9 முதல் 13 வரை நடுத்தர அபாயம்.

பானத்தின் கணக்கு

"என்ன குடிப்பீங்க?" என்று கேட்டபோது "தண்ணிதான்" என்றார். தோட்டத்து ஆட்கள் பலருக்கு ஐசோடோனிக்கும் தண்ணீர்க் கணக்கில்தான் சேரும். காய்ச்சல் வந்தாலும், டிங்கி என்றாலும், வெயிலில் மயங்கினாலும் வீட்டில் அதைத்தானே கொடுக்கிறார்கள். அதனால் கேள்வியை மாற்றி, எழுந்ததிலிருந்து படுக்கும்வரை வாய்க்குள் போகும் ஒவ்வொன்றையும் மணிவாரியாக எழுதச் சொன்னோம். மனைவி எழுதிக் கொண்டுவந்தார். மாவில் கலக்கிய சீனியில்லா ஐசோடோனிக், 1.5 லிட்டர் போத்தல் இரண்டு, ஐஸ் போட்டது. காலை ஏழிலிருந்து இரண்டு வரை பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை, நாளுக்கு ஏறத்தாழ 30 தடவை. சாயங்காலம் கால்பந்து இருந்தால் இன்னொரு கேன். சில நாள்களில் 'அசாம் போய்' என்ற புளிப்பான உலர்பழம் போட்ட எலுமிச்சைத் தண்ணீரும் உண்டு.

"சீனி இல்லாததுதானே டாக்டர் வாங்கிக் குடுக்குறேன்" என்றார் அந்த அம்மா. சீனியை எடுத்துவிட்டால் சொத்தையின் தீனி போகும், அமிலம் அப்படியே இருக்கும். அவர் கொண்டுவந்த போத்தலில் காட்டித்தாள் வைத்தபோது பி.எச். (எண் குறையக் குறைய அமிலம் கூடும்) 3-க்கும் 3.5-க்கும் இடையே காட்டியது. இந்த வகைப் பானங்கள் பொதுவாக 2.5 முதல் 4 வரை இருக்கும். எனாமல் கரையத் தொடங்கும் எல்லை ஏறத்தாழ 5.5. டென்டினுக்கு அது 6-க்கும் மேலே. ஈறோரத்தில் எனாமல் மெலிந்து டென்டின் வெளியே தெரிவதால் அங்கே சேதம் முதலில் வருகிறது.

பி.எச். எண்ணை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது. இந்தப் பானங்களில் பெரும்பாலும் இருப்பது சிட்ரிக் அமிலம். அதற்கு இரண்டு குணங்கள். ஒன்று, உமிழ்நீர் அதை நடுநிலைப்படுத்தக் கூடுதல் நேரமெடுக்கும். மற்றொன்று, கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு போய்விடும். ஒரு மடக்குக்குப் பிறகு வாய் பழைய நிலைக்குத் திரும்பப் பல நிமிடங்கள் தேவை, உமிழ்நீர் குறைவாக இருந்தால் அரைமணிகூட ஆகலாம். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு மடக்கு என்றால் ஏழு மணி நேரமும் வாய்க்கு ஓய்வே இல்லை. மூன்று லிட்டர் என்ற அளவைவிட 30 தடவை என்ற எண்ணிக்கைதான் கெடுதல்.

உமிழ்நீர் இரண்டு முறை அளக்கப்பட்டது. எதையும் மெல்லாமல் ஐந்து நிமிடம் அளவுக் குவளையில் வழியவிட வேண்டும். ஓய்வு நாள் காலையில் 1.1 மி.லி. வந்தது, நிமிடத்துக்கு 0.22. வேலை முடிந்து நேராக வந்த நாளில் 0.5 மி.லி., நிமிடத்துக்கு 0.1. ஓய்வு நிலையில் 0.3 முதல் 0.4 வரை இருப்பது வழக்கம், 0.1-க்குக் கீழே போனால் வறண்ட வாய். வியர்த்து உடம்பு வற்றிய நேரத்தில், காப்பாற்ற வேண்டிய எச்சிலும் வற்றி, அதே நேரத்தில் அமிலமும் உள்ளே போகிறது. கிளினிக்குக்குக் குளித்துச் சாப்பிட்டு வரும் நோயாளியிடம் மட்டும் அளந்தால் இது தெரியவே தெரியாது.

ஒவ்வொரு பொருளும் ஏன் ஒவ்வொரு விதமாகக் கெட்டது

கிளாஸ் அயனோமர் என்பது அலுமினோசிலிகேட் கண்ணாடித் தூளும் பாலிஅக்ரிலிக் அமிலமும் வினைபுரிந்து இறுகும் சிமெண்ட். கால்சிய, அலுமினிய அயனிகள்தான் அமிலச் சங்கிலிகளைக் கட்டிப்போடுகின்றன. சிட்ரிக் அமிலம் குறிவைப்பதும் அதே அயனிகளைத்தான். கட்டு அவிழ்ந்ததும் மேற்பரப்பு இளகி, கண்ணாடித் துகள்கள் உதிர்ந்து, பிரஷ் அவற்றைத் துடைத்துக்கொண்டு போகிறது. பாஸ்பாரிக் அமிலம் உள்ள கோலாவைவிடச் சிட்ரிக் அமிலப் பானம் இந்தச் சிமெண்டை அதிகம் அரிப்பதற்குக் காரணம் இதுதான். அடைத்த முதல் 24 மணி நேரத்தில் சிமெண்ட் இன்னும் முதிராமல் இருப்பதால் அப்போது படும் அமிலம் மிகவும் கெடுக்கும். இந்த நோயாளி அடைத்த மறுநாள் காலையே போத்தலோடு காட்டுக்குப் போயிருக்கிறார்.

கம்போசிட்டில் நிலைமை வேறு. அது ரெசினும் கண்ணாடி அல்லது சிலிகா நிரப்பிகளும் சேர்ந்தது, அமிலத்தில் கரைவதில்லை. ஆனால் ரெசின் ஈரத்தை உறிஞ்சி இளகும், ரெசினையும் நிரப்பியையும் இணைக்கும் சிலேன் பிணைப்பு நாளடைவில் நீரால் சிதையும், பளபளப்பு போய்ச் சாயம் பிடிக்கும். மேற்பரப்பின் சொரசொரப்பு 0.2 மைக்ரோமீட்டரைத் தாண்டினால் கறையும் கிருமிப் படலமும் எளிதில் தங்கும். இருந்தாலும் 36-இல் பெரிய சேதம் கம்போசிட்டுக்கு இல்லை, அதைத் தாங்கிய எனாமலுக்குத்தான். அமால்கமும் அப்படியே.

ஆக, அவர் கேட்ட 'நல்ல சாமான்' என்று ஒன்று இல்லை. எதைப் போட்டாலும் அடைப்பு கரையும், அல்லது அடைப்பு நின்று பல் கரையும். இதை அவருக்குப் புரியவைத்தது விளக்கமல்ல, கைக்கண்ணாடியில் 46-ஐக் காட்டியதுதான். "அப்போ வெள்ளி ஒசரல, பல்லுதான் எறங்கிடுச்சா?" என்று அவரே கேட்டார்.

முதல் முடிவு: உடனே அடைக்கவில்லை

அமிலம் ஓடிக்கொண்டிருக்கும் வாயில் நான்கு புதிய அடைப்பு போடுவது அவர் காசையும் பல்லையும் வீணாக்கும். ஆகவே ஆறு வாரம் பானத்தை மாற்றிப் பார்த்துவிட்டு அடைப்பது என்று முடிவானது. வலி இருந்த 34-க்கு மட்டும் விலக்கு. அதில் தற்காலிகமாக மீண்டும் கிளாஸ் அயனோமர் வைக்கப்பட்டது. வலியை அடக்குவது ஒரு காரணம். எளிதில் கரையும் பொருள் என்பதால் பானம் உண்மையில் மாறியதா என்று ஆறு வாரத்தில் அதுவே காட்டிவிடும் என்பது இன்னொன்று. பாலிஅக்ரிலிக் அமிலக் கண்டிஷனர் 10 விநாடி, கழுவல், ஈரம் முற்றிலும் வற்றாமல் உலர்த்தல், அடைப்பு, மேலே பாதுகாப்புப் பூச்சு. இது ஓய்வு நாளுக்கு முந்தைய மாலையில் செய்யப்பட்டது. மறுநாள் போத்தல் வேண்டாம் என்று சொல்லத் தேவையே இருக்கவில்லை.

மற்றப் பற்களில் 5 விழுக்காடு சோடியம் ஃபுளோரைடு வார்னிஷ் பூசப்பட்டது. அமிலம் கலந்த 1.23 விழுக்காடு ஃபுளோரைடு ஜெல்லை இத்தகைய வாயில் பயன்படுத்தக்கூடாது. அதுவே கிளாஸ் அயனோமரையும் கம்போசிட்டின் கண்ணாடித் துகள்களையும் அரிக்கும். வீட்டுக்கு ஸ்டானஸ் ஃபுளோரைடு பேஸ்ட், மென்மையான பிரஷ். பேஸ்டால் லேசான பழுப்புக் கறை வரலாம் என்பதும் முன்கூட்டியே சொல்லப்பட்டது. சொல்லாவிட்டால் கறையைப் பார்த்ததும் நிறுத்திவிடுவார்கள். துலக்கும் நேரம் பெரட்டுக்கு முன்னும் படுக்குமுன்னும் என மாற்றப்பட்டது. வீடு வந்ததும் வாய் கொப்பளிக்க மட்டும்.

போத்தலை மாற்றுவது

"வெயில்ல நின்னு பழம் வெட்டுறவனுக்கு வெறும் தண்ணி பத்தாது டாக்டர். ஒரு தடவ விட்டுப் பாத்தேன், கால் ரெண்டும் பிடிச்சுக்கிச்சு." இதைச் சாக்கு என்று ஒதுக்கக்கூடாது. விசாரித்ததில், அந்த முறை அவர் பானத்தை நிறுத்தியபோது குடிக்கும் அளவும் பாதியாகக் குறைந்திருந்தது. காலைச் சாப்பாடும் வெறும் தே ஓவும் (பால் சேர்க்காத தேநீர்) ரொட்டியும்தான். உப்பும் இல்லை, தண்ணீரும் இல்லை. பிடிக்காமல் என்ன செய்யும்?

ஆகவே, நிறுத்தச் சொல்லாமல் இடம் மாற்றும் திட்டம் போடப்பட்டது. வேலை நேரத்தில் வெறும் தண்ணீர், 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒரு குவளை, அதாவது சுமார் 240 மி.லி. அளவு குறையாமல் இருக்க அதே 1.5 லிட்டர் போத்தல்கள், இரண்டுக்குப் பதில் மூன்று. மூன்றாவதை மண்டோர் (வேலை மேற்பார்வையாளர்) டிராக்டரில் ஏற்றிவிடச் சம்மதித்தார். காலையில் உப்புச் சேர்ந்த முழுச் சாப்பாடு, சோறும் குழம்பும் கருவாடும். பத்து மணி ஓய்வில் உப்பு மோர் ஒரு போத்தல். மோர் புளிப்புதானே என்ற சந்தேகம் நியாயமானது. தயிரின் பி.எச். ஏறத்தாழ 4-தான். ஆனால் அதில் கால்சியமும் பாஸ்பேட்டும் நிறைந்திருப்பதால் பல்லிலிருந்து அவற்றை இழுப்பதில்லை. நீர்க்க நீர்க்கக் கரைத்தாலும் எலுமிச்சை பிழிந்தாலும் அந்தப் பலன் குறையும் என்பதால் கெட்டியாகக் கரைக்கச் சொல்லப்பட்டது.

ஐசோடோனிக்கை முழுதாக விலக்கவில்லை. மதியச் சாப்பாட்டோடு ஒரு கேன், ஸ்ட்ராவை முன்பற்களுக்கு உள்ளே தள்ளி, வாயில் வைத்துக்கொள்ளாமல் ஒரே மூச்சில் குடித்து, பின்பு தண்ணீர் கொப்பளிப்பது. கேன் மிச்சமிருந்தால் மோட்டார் சைக்கிளில் எடுத்துப் போகக்கூடாது. அசாம் போய் எலுமிச்சைத் தண்ணீர் நிறுத்தப்பட்டது. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் தண்ணீர் போதும், அடர்ந்திருந்தால் கூட்ட வேண்டும். தசைப்பிடிப்பு திரும்பவும் வந்தால் போத்தலுக்குப் போகாமல் கிளினிக்கில் ஓ.ஆர்.எஸ். வாங்கிக்கொள்ளச் சொன்னோம். அதில் இருப்பது சிட்ரிக் அமிலமல்ல, அதன் சோடியம் உப்பு.

ஆறு வாரத்துக்குப் பின்

முதல் வாரத்தில் இரண்டு நாள் பழைய போத்தலே போனது. மனைவி ஊரில் இல்லை. அதன் பிறகு தவறவில்லை. தசைப்பிடிப்பு வரவில்லை. 34-இல் வைத்த அடைப்பின் ஓரம் கெட்டியாக, மட்டம் இறங்காமல் இருந்தது. முதல் நாள் எடுத்த படத்தோடு வைத்துப் பார்த்தபோது பூச்சு மட்டும் தேய்ந்திருந்தது. வேலை முடிந்து வந்த நாளில் உமிழ்நீர் ஐந்து நிமிடத்துக்கு 0.9 மி.லி. கூச்சம் குறைந்துவிட்டது. இந்த நிலையில்தான் நிரந்தர அடைப்பு தொடங்கியது.

நான்கு ஈறோரப் பற்களுக்கும் கம்போசிட். அரிப்பு உண்டான டென்டின் பளபளப்பாக இறுகியிருக்கும், பசை நன்றாகப் பிடிக்காது. அதனால் மெல்லிய டைமண்ட் பர்ரால் மேற்பரப்பைச் சற்றே சொரசொரப்பாக்கி, எனாமல் ஓரத்தை ஒரு மில்லிமீட்டர் சரித்து, எனாமலுக்கு மட்டும் 37 விழுக்காடு பாஸ்பாரிக் அமிலம் 15 விநாடி. பிறகு பல்லின் கால்சியத்தோடு பிணையும் 10-எம்.டி.பி. என்ற வேதிப்பொருள் உள்ள பசையை 20 விநாடி தேய்த்து, காற்றால் மெலிதாக்கி ஒளி காட்ட வேண்டும். ஈறு ஓரத்தில் ஈறைச் சற்று விலக்கிப் பிடிக்கும் மெல்லிய ரிட்ராக்‌ஷன் நூல் வைக்காமல் இதைச் செய்தால் ஈறு நீர் கசிந்து கீழோரம் முதலில் திறந்துகொள்ளும். கம்போசிட் 2 மி.மீ.க்கு மேற்படாத அடுக்குகளாக. கடைசி அடுக்கின் மேல் கிளிசரின் ஜெல் பூசி மறுபடியும் 20 விநாடி ஒளி. காற்றுப்பட்ட மேல்தோல் அரைகுறையாக இறுகுவதை இது தடுக்கும். பானம் குடிப்பவரின் வாயில் முதலில் இளகுவது அந்தத் தோல்தான். பின்பு அலுமினியம் ஆக்சைடு தட்டுகளை முரட்டிலிருந்து மென்மை வரை வரிசை தவறாமல் ஓட்டி மெருகேற்றல்.

36-இன் பழைய கம்போசிட்டைப் பிடுங்கவில்லை. உள்ளே சொத்தை இல்லை. ஓரத்தைத் திருத்தி, சுற்றியிருந்த குழிகளைக் கம்போசிட்டால் மூடி, கடியைச் சரிபார்த்ததோடு சரி. 46-இன் அமால்கமையும் தொடவில்லை, சுற்றியிருந்த டென்டின் குழிகள் மட்டும் மூடப்பட்டன. நன்றாக இருக்கும் அடைப்பைத் தோண்டினால் மிச்சமிருக்கும் பல்லும் போகும்.

தொடர்ந்து நடந்தது

மூன்றாம் மாதம் எல்லா ஓரமும் மூடியிருந்தன. ஆறாம் மாதம் 24-இன் மெருகு மங்கி, கீழோரத்தில் மெல்லிய பழுப்புக் கோடு தெரிந்தது. கேட்டபோது காரணம் கிடைத்தது. தோட்டங்களுக்கிடையே கால்பந்துப் போட்டி நடந்த வாரங்களில் மைதானத்தில் ஐசோடோனிக் பெட்டி பெட்டியாக வந்திருக்கிறது. மீண்டும் மெருகேற்றியதும் கோடு போய்விட்டது, ஓரம் திறந்திருக்கவில்லை. விளையாட்டு நாளுக்குத் தனி வழி சொல்லப்பட்டது: இடைவேளையில் தண்ணீர், ஆட்டம் முடிந்து சாப்பாட்டோடு மட்டும் கேன்.

ஓராண்டில் குறியீடு அதே 11. இழந்த பல் வளராது என்பதால் எண் குறையாது, கூடாமல் இருந்ததே பலன். முதல் நாளும் ஓராண்டிலும் எடுத்த பல் அச்சுகளை ஒப்பிட்டபோது மூடாத முகடுகளில் புதிய குழி எதுவும் இல்லை. அடைப்பு எதுவும் விழவில்லை.

மாற்றப்பட வேண்டியவை

உமிழ்நீரை வேலை முடிந்த வேளையில் அளப்பது இங்கே இரண்டாவது வருகையில்தான் நடந்தது. வெயிலில் வேலை செய்பவருக்கு முதல் வருகையையே மதியத்துக்குப் பின் வைத்தால் ஒரு பயணம் மிச்சமாகும். விளையாட்டைப் பற்றிய கேள்வி வேலையைப் பற்றிய கேள்வியோடு சேர்ந்தே வர வேண்டும். தொழிலாளிதானே என்று மைதானத்தைக் கேட்காமல் விட்டால் 24-இல் வந்த கோடு வேறு பற்களிலும் வரும். "சீனி குறையுங்கள்" என்ற அறிவுரையைத் தனியாகக் கொடுக்கக்கூடாது. புளிப்பையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் சீனியில்லாப் போத்தல் வீட்டுக்கு வந்துவிடும்.

அரிப்பு நிற்கும்வரை மெருகைச் சோதிக்க மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வரச் சொல்லலாம், பிறகு ஆறு மாதம் போதும். ஒவ்வொரு தடவையும் அதே பல்லை அதே கோணத்தில் படமெடுத்து வைக்க வேண்டும், பார்வை நினைவை நம்பி அரை மில்லிமீட்டரைக் கண்டுபிடிக்க முடியாது. அவரோடு வேலை செய்யும் கூட்டத்தில் இன்னும் நான்கு பேருக்கு ஈறோரக் கூச்சம் இருப்பதாக மண்டோர் சொல்லியிருக்கிறார். அவர்கள் வரும்போது காலையில் கொண்டுபோகும் போத்தலையும் கையோடு கொண்டுவரச் சொல்லி அனுப்பியிருக்கிறது.